விரலை எடுப்பதற்கு முன் ரத்த ஓட்டத்தைப் பாருங்கள்

வாசகி ஒருவர் எழுதியது:

"எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டம் அருமனை பக்கம். அப்பாவுக்கு 61 வயது, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. பீடி அதற்கும் முன்பிருந்தே. ஒரு வருடமாகவே மேட்டில் ஏறி வெட்டும்போது இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். முன்பு வரிசை முடியும்வரை நிற்காதவர், இப்போது இருபது மரத்துக்கு ஒருமுறை நின்று காலைத் தேய்த்துவிட்டுத்தான் நகர்கிறார். நடுவெலும்புத் (முதுகெலும்பு) தேய்மானம் என்று மாத்திரை கொடுத்தார்கள். வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான் ஒருவரிடம் எண்ணெய் போட்டுத் தடவினோம். ஒரு மாதம் முன்பு வேரில் தட்டி இடது கால் இரண்டாவது விரலில் சின்னப் புண் வந்தது. அது ஆறவில்லை, இப்போது நுனி கறுத்துவிட்டது. ராத்திரி காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டுத்தான் தூங்குகிறார். ஒரு மருத்துவமனையில் விரலை உடனே எடுத்துவிடலாம் என்றார்கள். இன்னொரு இடத்தில் டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் பார்த்துவிட்டு, தொடையில் அடைப்பு இருக்கிறது, ரத்தக்குழாயைப் படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோ எடுத்து, அடைப்பை விரிக்கப் பலூன் வைக்கலாம் என்கிறார்கள். ஆனால் காலில் பட்டை சுற்றிப் பார்த்த ஏ.பி.ஐ. 1.45, 'அடைப்பு இல்லை' என்று முதல் ரிப்போர்ட்டில் இருக்கிறது. எதை நம்புவது? கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.5. படத்தில் ரத்தக்குழாய் தெரிவதற்காக ஏற்றும் டை போட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்கள். அப்பாவுக்கு றால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கும், அதனால் டை ஒத்துக்கொள்ளாது என்றும் ஒருவர் சொன்னார். பலூன் என்பது இதயத்துக்குத்தானே? காலில் வைப்பார்களா?"

அன்புள்ள சகோதரி,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். காலில் ரத்த ஓட்டம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் அந்த விரலை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். ரத்தம் போகாத காலில் ஒரு விரலை எடுத்தால் எடுத்த இடம் ஆறாது. அது அடுத்த விரலுக்குப் போகும், அப்புறம் பாதத்துக்கு. ஓட்டத்தைச் சரிசெய்துவிட்டு எடுத்தால் அதே விரலோடு நின்றுவிட வாய்ப்பு அதிகம். சில சமயம் கறுத்த நுனி மட்டும் தானாகக் காய்ந்து விழும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. புண்ணில் சீழ் வைத்து, நாற்றம் அடித்து, சிவப்பு பாதத்தில் ஏறி, காய்ச்சலும் வந்தால் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே சீழை வெளியேற்றி நோய்த்தொற்றை அடக்க வேண்டும், ரத்த ஓட்டத்தை அதன் பிறகு ஓரிரு நாளில் பார்க்கலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்பாவின் விரல் இப்போதைக்குக் காய்ந்த நிலையில் இருக்கிறது. உங்களுக்கு நாட்கள் இருக்கின்றன, மாதங்கள் இல்லை.

உங்கள் கடிதத்தில் எந்த ரிப்போர்ட்டையும்விட எனக்கு அதிகம் சொன்னது அந்த இருபது மரக் கணக்குதான். ரத்தக்குழாய் அடைப்பில் வலி இப்படித்தான் வரும். ஓரளவு தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும், மறுபடி அதே தூரத்தில் பிடிக்கும். மேடு ஏறினால் இன்னும் சீக்கிரம் வரும். நடுவெலும்புத் தேய்மானத்தில் நரம்பு நசுங்கி வரும் வலி வேறு மாதிரி. அதில் சும்மா நின்றால் போதாது, உட்கார வேண்டும், இல்லை முன்னால் குனிய வேண்டும், அப்போதுதான் குறையும். பால்வெட்டுக்காரர் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவர், முதுகும் வலிக்கத்தான் செய்யும். அதனால் முதுகு என்றே முடிவு செய்துவிடுவது எளிது. நின்றதும் வலி விடுகிறதா என்ற ஒரு கேள்வியையும், பாதத்தில் விரல் வைத்து நாடி பார்ப்பதையும் யாராவது செய்திருந்தால் ஒரு வருடம் முன்பே தெரிந்திருக்கும். இனி யாருக்காவது இப்படி வலி என்றால் இந்த இரண்டையும் கேளுங்கள்.

ராத்திரி காலைத் தொங்கப்போட்டுத் தூங்குவது நோய் முற்றியதற்கான அடையாளம். படுத்த நிலையில் பாதத்துக்கு ரத்தம் எட்டவில்லை, தொங்கவிட்டால் புவியீர்ப்பில் கொஞ்சம் இறங்குகிறது. ஓய்விலும் வலி, ஆறாத புண், கறுத்த விரல் மூன்றும் சேர்ந்துவிட்டால் அது காலையே இழக்கும் அபாயத்தில் இருக்கும் கட்டம். நடைப்பயிற்சியும் மாத்திரையும் மட்டும் கொடுத்துப் பார்க்கும் கட்டம் கடந்துவிட்டது.

இப்போது அந்த 1.45 கணக்குக்கு வருகிறேன். ஏ.பி.ஐ. என்பது கணுக்காலில் எடுக்கும் மேல் ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த மேல் அழுத்தத்தால் வகுத்து வரும் எண். 1.0 முதல் 1.4 வரை இருந்தால் சரி. 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு. 0.4-க்கும் கீழே என்றால் கடுமை. இதைப் படித்ததும் 1.45 இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. பல வருடம் சர்க்கரை இருப்பவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் காலின் ரத்தக்குழாய்ச் சுவரிலேயே சுண்ணாம்பு படிந்துவிடும். ரப்பர் டியூபை அழுத்த வேண்டிய பட்டை அங்கே இரும்புக் குழாயை அழுத்திக்கொண்டிருக்கிறது. குழாய் அமுங்காததால் மீட்டரில் பொய்யான உயர் எண் வருகிறது, உள்ளே ரத்தம் ஓடுகிறதா என்பது அதில் தெரியாது. 1.4-ஐத் தாண்டினால் அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு வேறு வழியில் பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. கால் பெருவிரலில் சின்னப் பட்டை கட்டி அழுத்தம் பார்ப்பது அதற்கு ஒரு வழி, ஏனென்றால் விரலின் குழாய்களில் சுண்ணாம்பு குறைவாகவே படியும். அங்கே அழுத்தம் 30 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இருந்தால் புண் தானாக ஆறுவது மிகக் கடினம்.

இன்னொரு வழி டாப்ளர். அதில் ரத்தம் ஓடும் அலையைத் திரையில் பார்க்கிறோம். நல்ல குழாயில் ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் வேகமாக முன்னால் பாய்ந்து, ஒரு கணம் பின்னால் வந்து, மீண்டும் முன்னால் போகும். மூன்று கட்ட அலை அது. அடைப்புக்குக் கீழே அலை மழுங்கி ஒற்றைக் கட்டமாகத் தவழும். சுண்ணாம்பு இருந்தாலும் அலையின் வடிவம் ஏமாற்றாது. அதனால் உங்கள் இரண்டு ரிப்போர்ட்டில் டாப்ளரை நம்புங்கள். முதல் ரிப்போர்ட்டில் எண் தப்பில்லை, அதற்குச் சொன்ன அர்த்தம்தான் பொருந்தவில்லை.

டாப்ளரில் தெரிந்தபின் சி.டி. ஆஞ்சியோ எதற்கு என்று கேட்கலாம். வயிற்றிலிருந்து இரண்டு கால்களுக்கும் பிரியும் பெரிய குழாய்களிலிருந்து பாதம் வரை முழு வரைபடமும் சில நிமிடத்தில் அதில் கிடைக்கும். எங்கே எவ்வளவு நீளம் அடைத்திருக்கிறது, எந்த வழியாக உள்ளே போகலாம், பலூனா, அடைப்பைச் சுற்றி மாற்றுவழி தைக்கும் பைபாஸா என்று அதை வைத்துத் திட்டமிடலாம். ஆனால் அப்பாவைப் போலச் சுண்ணாம்பு நிறைய உள்ளவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே இருக்கும் மூன்று மெல்லிய குழாய்கள் சி.டி.யில் தெளிவாக வராது. சுண்ணாம்பின் வெள்ளை உள்வழியை மறைத்துவிடும். அதனால் டாப்ளர் தெளிவாக இருந்தால் சில மருத்துவர்கள் சி.டி.யைத் தவிர்த்துவிட்டு நேராகக் கேத் லேபில் (ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் செலுத்திப் படம் பார்க்கும் அறையில்) ஆஞ்சியோகிராம் செய்து, அதே மேசையில் பலூனும் வைத்துவிடுவார்கள். அங்கே டை போகும் முன் ஒரு படம், டை ஓடும்போது ஒரு படம் எடுத்து, முன்னதைப் பின்னதிலிருந்து கணினி கழித்துவிடும். எலும்பும் சுண்ணாம்பும் மறைந்து ரத்தம் ஓடும் வழி மட்டும் திரையில் நிற்கும். பாதத்து வளைவுக் குழாய்வரை பார்க்க இதைவிடத் தெளிவான படம் கிடையாது. கிரியாட்டினின் ஏறியிருப்பவருக்கு இரண்டு முறை டை போடாமல் ஒரே முறையில் முடிப்பதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். உங்கள் மருத்துவரிடம் இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: "சி.டி. இல்லாமல் நேராக ஆஞ்சியோ செய்ய முடியுமா?" இடுப்புப் பகுதிக் குழாய்களிலும் அடைப்பு இருக்கும் என்று சந்தேகப்பட்டால் சி.டி. வேண்டும் என்பார், அது நியாயமான காரணம்.

கிட்னி விஷயம். கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். வயதையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகிறது என்று பார்ப்பார்கள். 61 வயது ஆணுக்கு 1.5 என்றால் அது 50-க்குச் சற்று மேலே வரும். நாங்கள் உண்மையிலேயே கவலைப்படுவது 30-க்குக் கீழே போகும்போது. அப்பாவுக்கு டை போடலாம். அதற்கு முன்னும் பின்னும் உடம்பில் நீர்ச்சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வலிக்காக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை இன்றே நிறுத்துங்கள். ஒரு வருடமாக முதுகுவலிக்கு என்று அவற்றைத் தொடர்ந்து போட்டிருந்தால் கிரியாட்டினின் ஏறியதில் அவற்றுக்கும் பங்கு இருக்கலாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். சில மருத்துவர்கள் டை போட்டபின் 48 மணி நேரம் நிறுத்தி, கிரியாட்டினின் பார்த்துவிட்டுத் தொடரச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீரகம் இதைவிட மோசமாக இருப்பவர்களுக்குக்கூட வழி இருக்கிறது. இடுப்புக்குக் கீழே டைக்குப் பதில் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைச் செலுத்திப் படம் எடுக்கலாம், அது ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும்.

றால் பற்றி. குளச்சல், தேங்காப்பட்டணம் என்று கடல்கரை நீண்டு கிடக்கும் மாவட்டம் நம்முடையது, அதனால் இந்தக் கேள்வி எங்கள் ரேடியாலஜி பிரிவுக்குத் திரும்பத் திரும்ப வரும். றாலில் ஒவ்வாமை தருவது அதன் தசையில் இருக்கும் ஒரு புரதம். டையில் இருப்பது அயோடின் சேர்ந்த வேறொரு பொருள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு இல்லை. எந்த ஒவ்வாமை இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது, ஆனால் றால் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக ஒரு காலைக் காப்பாற்றும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். முன்பு எப்போதாவது டை ஊசி போட்டே உடம்பு தடித்து மூச்சு முட்டியிருந்தால் கதை வேறு. அதை அவசியம் சொல்ல வேண்டும்.

பலூன் இதயத்துக்கு மட்டும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சிகிச்சை முதலில் பிறந்ததே காலில்தான். 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் சார்லஸ் டாட்டர் என்ற ரேடியாலஜி மருத்துவரிடம் 82 வயது மூதாட்டி ஒருவரை அனுப்பினார்கள். கால் விரல்கள் கறுத்து, புண் ஆறாமல், காலை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை. டாட்டர் தொடைக் குழாயில் இருந்த சுருக்கத்துக்குள் மெல்லிய கம்பி ஒன்றை நுழைத்து, அதன் மேலேயே சற்றுத் தடித்த குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி வழியை விரித்தார். பாதம் சூடானது, வலி போனது, புண் ஆறியது. அந்த அம்மா இரண்டு வருடத்துக்கும் மேல் தன் காலிலேயே நடந்தார். பிறகு 1974-ல் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் பலூனைக் கொண்டுவந்தபோதும் முதலில் காலில்தான் வைத்தார். இதயத்துக்கு அது போனது 1977-ல். ஸ்கேன் ரிப்போர்ட் எழுதும் பிரிவில் இருப்பவர்கள் ஏன் சிகிச்சையும் செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த வரலாற்றைத்தான் சொல்வேன். படத்தைப் பார்த்துக்கொண்டே கம்பியை நகர்த்தத் தெரிந்தவர்கள் கையில்தான் இது உருவானது.

அப்பாவுக்கு எப்படிச் செய்வார்கள் என்றால், கவட்டையில் மரத்துப்போக ஊசி போட்டு, உள்விட்டம் சுமார் 2 மி.மீ. இருக்கும் குழாயை வைப்பார்கள். மயக்கம் கொடுப்பதில்லை. அவர் பேசிக்கொண்டே இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் கொடுத்து, கம்பியால் அடைப்பைக் கடந்து, பலூனை ஊதி ஒன்றிரண்டு நிமிடம் பிடிப்பார்கள். தொடைக் குழாய் திரும்பச் சுருங்கினால் ஸ்டென்ட் (உள்ளே தாங்கி நிற்கும் வலைக்குழாய்) வைப்பார்கள், முழங்காலுக்குக் கீழே பெரும்பாலும் பலூன் மட்டும். முடிந்தபின் சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். அந்த நேரத்தில் கவட்டை வீங்கினாலோ, இடுப்பில் புதிதாக வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். உள்ளே ரத்தம் கசிவதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். திறந்த வழி மறுபடி சுருங்கலாம், முழங்காலுக்குக் கீழே இது அதிகம். அப்படியானால் பயன் என்ன? புண் ஆறுவதற்கு நிறைய ரத்தம் வேண்டும், ஆறிய தோலைக் காப்பதற்கு அவ்வளவு வேண்டாம். அந்தச் சில மாதங்களைப் பெற்றுத் தருவதே பெரிய லாபம். புண் ஆறியபின் வழி கொஞ்சம் சுருங்கினாலும் பலர் நன்றாகவே இருக்கிறார்கள். அதனால்தான் அதற்கப்புறமும் டாப்ளருக்கு வரச் சொல்கிறோம்.

பைபாஸ் அறுவை சிகிச்சையும் நல்ல வழிதான். 2022-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, காலிலிருந்தே எடுக்க நல்ல சிரை இருப்பவர்களுக்குப் பைபாஸ் மேல் என்றது. பெரும்பாலும் பிரிட்டனில் நடந்து 2023-ல் வெளிவந்த இன்னொன்று, முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ளவர்களுக்கு முதலில் பலூனே மேல் என்றது. இரண்டையும் படித்துவிட்டு நான் வந்து சேர்ந்த முடிவு, நோயாளியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதே. அடைப்பின் நீளம், சிரையின் தரம், இதயத்தின் பலம் மூன்றையும் வைத்து ரேடியாலஜிஸ்டும் ரத்தக்குழாய் அறுவை மருத்துவரும் சேர்ந்து பேச வேண்டும். இரண்டு பேரும் இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

வீட்டில் இப்போது சில விஷயங்கள். எண்ணெய் தடவி அழுத்தித் தேய்ப்பதை நிறுத்துங்கள். சுளுக்குக்கும் அடிபட்டதற்கும் ஆசானிடம் போவது நம் ஊர் வழக்கம், அதைக் குறை சொல்ல வரவில்லை. ரத்தம் போகாத காலைத் தேய்த்தால் தோல் கிழியும், கிழிந்தது ஆறாது. வெந்நீர் ஒத்தடமும் கூடாது. சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் பார்ப்பீர்கள். நரம்பு சுருட்டுக்காகப் போடும் இறுக்கமான காலுறையை யாராவது நல்லெண்ணத்தில் கொடுத்தாலும் வாங்காதீர்கள், வருகிற கொஞ்ச ரத்தத்தையும் அது நிறுத்திவிடும். பச்சிலை, மஞ்சள் எதுவும் புண்ணில் வேண்டாம். கறுத்த இடத்தை நனைத்து ஊறவிடாமல் உலர்ந்த துணிக்கட்டாக வைத்திருங்கள். புண் ஆறும்வரை தோட்டத்துக்குப் போக விடாதீர்கள். நடைப்பயிற்சி இந்த நோய்க்கு அருமையான மருந்து, வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது, வாரம் மூன்று நாள், மூன்று மாதம். ஆனால் அது புண் ஆறிய பிறகு.

பீடி. இதில் நான் மென்மையாகப் பேசப்போவதில்லை. பலூன் வைத்த குழாய் மறுபடி அடைப்பதற்கும் கால் போவதற்கும் புகையிலைதான் பெரிய துணை. குறைத்தால் போதாது, முழுதாக விட வேண்டும். வெற்றிலையோடு சேர்த்துப் போடும் புகையிலையும் அதே கணக்குதான். அதிகாலை இருட்டில் மரத்தடியில் தனியாக நிற்பவருக்குப் பீடி ஒரு துணை என்பது எனக்குத் தெரியும். அதனால் "விடுங்கள்" என்று திட்டுவதோடு நிறுத்தாமல், நிகோடின் மெல்லும் பசையோ மாத்திரையோ தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். உதவியோடு விடுபவர்கள் அதிகம்.

காலில் அடைத்த நோய் காலோடு நிற்பதில்லை. இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் அதே படிவு இருக்கும். அதனால் ஈ.சி.ஜி., எக்கோ எடுக்கச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் கொழுப்புக்கான ஸ்டாட்டினும் கொடுப்பார்கள். கொலஸ்ட்ரால் நார்மல்தானே என்று ஸ்டாட்டினை நிறுத்திவிட வேண்டாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தீர்ந்து இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் இல்லையென்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிடுங்கள்.

எங்கே போவது? அருமனையிலிருந்து நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் எட்டும் தூரம்தான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டித் தொடங்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் உண்டு. எந்த மருத்துவமனையிலும் சேர்வதற்கு முன், இந்தச் சிகிச்சைக்கு இங்கே அட்டை செல்லுமா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். எல்லை தாண்டிப் போவதாக இருந்தால் கிளம்பும் முன்பே போனில் கேளுங்கள்.

இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள். அதற்கு முன்னால் ஏதாவது ஒரு நேரத்தில் கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் போக வேண்டும், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது டாப்ளர் ரிப்போர்ட்டோடு படங்களையும், அந்த 1.45 சீட்டையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். விரலைத் தினமும் ஒரே வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். கறுப்பு எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதை அந்தப் படங்களில் பார்த்தாலே எந்த மருத்துவரும் அவசரத்தைப் புரிந்துகொள்வார்.